ஒருமைப்பாடு அண்ணாச்சியின் எலுமிச்சை

இந்த நாடு எங்கே போகிறது என்று முழுநேரமாகக் கவலைப்பட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். சங்கரன்கோவில் ரயில்வே கேட் ஓரம் எலுமிச்சை சோடா விற்கும் அண்ணாச்சி. ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘ஒருமைப்பாடு’. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

கேட் மூடியதும் அவர் வகுப்பு ஆரம்பமாகிவிடும். சோடா கேட்டால் முதலில் கேள்விதான் வரும்.

“நம்ம நாட்டுக்கு, எல்லாருக்கும் சேத்து ஒரே நோக்கம்னு ஒண்ணு உண்டுமாவே?”

‘உண்டு’ என்றால் அரைப்பழம் பிழிவார். ‘இல்லை’ என்றால் முழுப்பழம். தாகம் எடுத்த அத்தனை பேரும் நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு முழுப்பழம் குடித்தார்கள். நானும்தான்.

அவர் காட்டும் சாட்சி அந்த ரோடு. கேட் மூடினால் எங்கள் ஊர்க்காரர்கள் இடது பக்கத்தோடு நிற்க மாட்டார்கள். வலது பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கேயும் போய் அடைப்பார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தாரும் அதையே செய்வார்கள். கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நிற்கும்.

“எல்லாருக்கும் அந்தப் பக்கம் போணும். ஒரே நோக்கம்தான். ஒருத்தனாச்சும் போறானா பாரும்” என்பார். நான் சிரிப்பேன்.

ஒரு மத்தியானம் சிரிக்க முடியவில்லை. ஆட்டோவில் என் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியோ கேட்டுக்கு அந்தப் பக்கம்.

“ஏங்க, கேட்டைத் திறந்துட்டாவளா?”

“திறந்துட்டாவ.”

“அப்பம் ஏன் போகல?”

இறங்கி ஓடி ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சினேன். எல்லாரும் இரக்கப்பட்டார்கள். “அவன எடுக்கச் சொல்லுங்க, நான் எடுக்கேன்” என்று எதிரே இருந்தவனைக் கைகாட்டினார்கள்.

அண்ணாச்சி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் சோடா பாட்டிலோடு கூட்டத்துக்குள் நுழைந்தார். ஒன்றை ஓரத்துக் கல்லில் அடித்து உடைத்தார். ஹாரன் எல்லாம் நின்றது.

“ஆட்டோக்குள்ள ஒரு பிள்ளை பிரசவ வலில துடிக்கி. தப்பான பக்கம் நிக்கவன் எல்லாம் பின்னால எடுங்கலே. இல்லைன்னா அடுத்தது உங்க டயருக்கு முன்னால.”

பிள்ளைக்கு நகராதவர்கள் டயருக்கு நகர்ந்தார்கள். முதலில் ஒரு புல்லட், பிறகு ஒரு கார். ஒரு லாரி டிரைவர் கீழே இறங்கி மற்ற வண்டிகளைப் பின்னால் அனுப்பினார். மிச்சமிருந்த பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாச்சி முன்னால் நடக்க, ஆட்டோ அவர் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாவது நிமிஷம் மகள் பிறந்தாள்.

மறுநாள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

“இப்பமாவது நோக்கம் உண்டுன்னு ஒத்துக்கிடுதியளா அண்ணாச்சி?”

“அது டயர் பயம்வே. அதை எல்லாம் இதுல சேக்கப்பிடாது” என்று அரைப்பழம் பிழிந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து கேட் மூடினால் நான் இடது ஓரத்தில்தான் நிற்கிறேன். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். அண்ணாச்சி மட்டும் என்னைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தி, “ஒண்ணு” என்பார்.

போன வாரம் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகையில் இரண்டு விரல் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். வலது பக்கம் காலியாகக் கிடக்க, ஒரு பால்காரர் என் பின்னால் வண்டியை நிறுத்தி நின்றிருந்தார்.

அண்ணாச்சி எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று கிளாஸை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் முழுப்பழமாகப் பிழிந்துகொண்டிருந்தார்.