பத்மநாபனின் கறுப்புக் கோட்டு

கோட்டைக் கழற்றினால் குளிரில் விறைத்துப்போவாள், கழற்றாவிட்டால் வக்கீலாகிவிடுவாள். டெல்லிக் கோர்ட் ஒன்றில், பெண் வக்கீல்கள் சங்கத்தின் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் காந்திமதி இந்த இக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதில் அவள் தப்பு ஒன்றும் கிடையாது. எல்லாம் அவள் கணவர் பத்மநாபனின் யோசனை.

"கோர்ட்டுக்குப் போறப்போ பளபளன்னு உடுத்திட்டுப் போகாத. வெள்ளையா ஒண்ணைக் கட்டிக்கோ" என்றார் காலையில். துவைத்த ஸ்வெட்டர் நாலைந்து நாளாகியும் காயவில்லை. டெல்லியில் டிசம்பர் மாதம் அப்படித்தான். தன்னுடைய கறுப்பு ஆபீஸ் கோட்டை அவரே எடுத்து மாட்டிவிட்டார். கழுத்துக்கு அவள் பின்னிய வெள்ளை மப்ளர் இருந்தது. அதன் இரண்டு முனையையும் முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு முனிர்க்காவில் பஸ் ஏறினாள். கோர்ட் வாசலில் இறங்கியபோது அச்சு அசல் வக்கீலாக இருந்தாள். அது அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"நீங்களே போகலாமில்லா?" என்று அவள் கேட்காமல் இல்லை.

"லீவு தரமாட்டேங்கான்."

பத்மநாபனுக்கு எதற்கும் லீவு கிடைக்காது. முனிர்க்காவில் வாடகைக்கு வீடு பிடித்த அன்றும் கிடைக்கவில்லை. அதனால் ஒப்பந்தம் காந்திமதி பேரில் எழுதப்பட்டது. அதனால்தான் வீட்டுச் சொந்தக்காரர் சௌத்ரி, 'காலி பண்ணு' என்று வழக்குப் போட்டபோதும் காந்திமதி பேரிலேயே போட்டார். ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும். மகள் சுபிக்ஷாவுக்கு மார்ச்சில் பரீட்சை. நடுவில் வீடு போய்விட்டால் மூன்று பேரும் எங்கே போய் நிற்பது?

வக்கீல் வைக்காமலும் இல்லை. மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் பழக்கமானவர் ஜோதிலிங்கம். "கவலையே படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. ஒரு வாய்தாவுக்கும் அவர் வந்ததில்லை.

அன்றும் வரவில்லை. காந்திமதி வராந்தாவில் பல் கிட்டித்து நின்றபோது ஓர் அம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அரே, பனியில ஏன் நிக்கறீங்க? நம்ம ரூம்ல ஹீட்டர் இருக்கு, வாங்க" என்று இந்தியில் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் இழுத்துக்கொண்டு போனார். அவர்தான் சங்கத்தின் தலைவி சச்தேவா மேடம். கனத்த குரல். தோள் இறங்கி, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்ட தொளதொளக் கோட்டு. பெரிய வக்கீல்கள் இப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகள். நடுவில் ஹீட்டர். மூலையில் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள் பவுனு. விழுப்புரம் பக்கத்துக்காரி, அந்த அறையோடு சேர்த்துக் கட்டியவள் போல அத்தனை காலமாக அங்கே இருந்தாள். சுடச்சுட ஒரு கிளாஸ் கைக்கு வந்தது. அந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் காந்திமதி நினைத்தாள். டீ முடிவதற்குள் கேள்விகள் வந்துவிட்டன.

"எந்த மாதிரி கேஸ் பார்க்கறீங்க?"

"வாடகை கேஸ்" என்றாள். அது நிஜம்தானே.

"நிறைய இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"சீனியர் யாரு?"

"ஜோதிலிங்கம்னு ஒருத்தர். வரவே மாட்டார்."

"எல்லா சீனியரும் அப்படித்தான்" என்று ஒருவர் பெருமூச்சுவிட, எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் காந்திமதி வக்கீலாகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பத்மநாபனுக்கு டீ புரையேறியது.

"வக்கீல் வேஷம் போட்டா உள்ள தூக்கிப் போட்ருவான். தெரியுமா உனக்கு?"

"உங்க கோட்டுதானே போட்டுட்டுப் போனேன். கேட்டா உங்க பேரைச் சொல்லுதேன்."

"அடுத்த தரம் அந்த ரூம் பக்கமே போகாத. போக வேண்டி வந்தா வாயத் திறக்காத. கையில எதையாவது கொண்டுபோய்க் கொடு. சாப்பிடுற வாய் கேள்வி கேக்காது."

அருமையான யோசனை. அடுத்த வாய்தாவுக்கு ஒரு பெரிய டப்பா எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போயின. டப்பா வழித்துத் துடைத்துக்கொண்டு திரும்பியது. அதற்கடுத்த முறை இட்லியும் மிளகாய்ப்பொடியும். அன்று மத்தியானம் ஏதோ கூட்டம் நடந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். ஹீட்டர் கதகதப்பில் கண் சொக்கியிருந்த காந்திமதியும் தூக்கினாள். சங்கத்தின் இணைச் செயலாளராகத் தன்னையே தேர்ந்தெடுத்துக்கொண்டாள் என்பது கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் புரிந்தது.

"இனிமே சங்க விழாவுக்கெல்லாம் சாப்பாட்டுப் பொறுப்பு உங்களோடது, காந்தி ஜீ" என்றார் சச்தேவா மேடம்.

ஆபத்தும் வராமல் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண், "தீதி, ஏழாம் நம்பர் கோர்ட்ல எனக்காக ஒரு தேதி மட்டும் வாங்கிடுங்க, ப்ளீஸ்" என்று கேஸ் கட்டைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். ஒருவருக்காக ஒருவர் போய் நின்று தேதி வாங்குவது அங்கே டீ வாங்கித் தருவது போலச் சாதாரணம். காந்திமதி ஏழாம் நம்பர் வாசல்வரை போய்விட்டாள். 'முருகா, இதுல இருந்து காப்பாத்து, உனக்குத் தேங்காய் உடைக்கேன்' என்று வேண்டியபோது பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒருவர் வந்து கட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் அந்தப் பக்கம்தான் போறேன். நீங்க போய் ஹீட்டர்கிட்ட உக்காருங்க."

இப்படியே இன்னும் இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் கோர்ட் வாசலில் யாராவது ஓடிவந்து கட்டைப் பிடுங்கினார்கள். மலை மந்திர் முருகனுக்குத் தேங்காய்க் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

இவ்வளவு நல்லவர்களிடம் தன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "என் கட்சிக்காரி ஒருத்தி, பாவம்" என்று ஆரம்பித்தாள். அந்தக் கட்சிக்காரிக்கு ஆறாம் வகுப்பில் ஒரு மகள் இருந்தாள், லீவு கிடைக்காத ஒரு புருஷன் இருந்தார். மகன் கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று கேஸ் போட்ட வீட்டுச் சொந்தக்காரர், போன மாதம்தான் கீழ்ப் போர்ஷனை ஒரு வீடியோ கடைக்கு விட்டிருந்தார். சச்தேவா மேடம் இட்லியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தக் கேஸை என்கிட்ட கொடுத்துடுங்களேன்" என்றார்.

"இல்லே ஜீ, நானே பாத்துக்கிடுதேன்" என்றாள் காந்திமதி, ஜோதிலிங்கத்தின் அதே தைரியத்தோடு.

ஜனவரி கடைசியில் ஜட்ஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாய்தாதான் கடைசி. குடியிருப்பவர் தரப்பில் வக்கீல் வராவிட்டால் சௌத்ரிக்குச் சாதகமாக உத்தரவு. அன்று இரவே காந்திமதி அதை வீட்டில் சொன்னாள்.

"முதல்ல அந்தச் சங்கத்துல இருந்து கழண்டுக்கோ" என்றார் பத்மநாபன். "மெட்ராஸுக்கு மாத்தலாயிட்டுன்னு சொல்லு. பிரச்சினையே தீர்ந்துது."

சொன்னாள். அறையே ஒரு நிமிடம் சோகத்தில் ஆழ்ந்தது. பிறகு, பிரிவுபசார விழா வைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கேக், சமோசா, ஒரு சால்வை. நாள், காந்திமதியின் கடைசி வாய்தா எந்த நாளோ அதே நாள்.

அந்தக் காலையில் மூடுபனியில் பஸ் தட்டுத் தடவிப் போயிற்று. ஜோதிலிங்கம் வீட்டுக்குப் போன் பண்ணினால், "கோர்ட்டுக்குத்தானே போயிருக்கார்" என்றார்கள். எந்தக் கோர்ட் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. காந்திமதி அறைப்பக்கம் தலைகாட்டாமல் நேரே கோர்ட்டுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் சச்தேவா மேடம் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னால் இரண்டு பேர். அவர்கள் பின்னால் இன்னும் நாலு பேர்.

"நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னால கோர்ட்ல உங்களை ஒரு தரம் பார்த்துடலாம்னு எல்லாரும் ஆசைப்பட்டாங்க" என்றார்.

டவாலி குரல் கொடுத்தான். "சௌத்ரி வர்சஸ் காந்திமதீ."

சௌத்ரியின் வக்கீல் விறைப்பாக எழுந்தார். இந்தப் பக்கம் யாரும் இல்லை. ஜட்ஜ் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் வீடு போயிற்று. காந்திமதி தன்னை அறியாமல் எழுந்து முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க, வக்கீல் அம்மா" என்றார் ஜட்ஜ்.

பேசினால் ஜெயில், பேசாவிட்டால் நடுத்தெரு. பின் பெஞ்சில் தன் எலுமிச்சம் சாதத்தைத் தின்ற அத்தனை முகங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. இவர்களை இனியும் ஏமாற்ற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டினாள்.

"ஹுசூர், நான் வக்கீல் இல்லை. குடியிருக்கிறவள். இது என் பதியோட கோட். ஸ்வெட்டர் காயலை."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். காந்திமதி கண்ணை மூடிக்கொண்டு, போலீஸ் வந்து கையைப் பிடிக்கும் என்று காத்திருந்தாள். வந்து பிடித்தது சச்தேவா மேடத்தின் கை.

"இவங்களுக்காக நான் ஆஜராகறேன், சார்" என்றார் மேடம். "வக்காலத்து தயாரா இருக்கு. கையெழுத்து மட்டும் போடணும்."

காந்திமதி கையெழுத்துப் போட்டாள். பிறகு மேடம் பேசினார். கட்சிக்காரியின் மகள், பரீட்சை, லீவு கிடைக்காத புருஷன், மகன் கல்யாணம், வீடியோ கடை, ஒன்று விடவில்லை. வீடியோ கடையின் பெயர்ப் பலகையைப் போட்டோவே எடுத்து வைத்திருந்தார்.

"மகனுக்கு இடம் இல்லைன்னீங்களே. இது என்ன?" என்று ஜட்ஜ் கேட்டார்.

சௌத்ரியின் வக்கீல் சௌத்ரியைப் பார்த்தார். சௌத்ரி சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரக் குசுகுசுப்புக்குப் பிறகு, சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை காலி பண்ணச் சொல்லமாட்டேன் என்று சௌத்ரி அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பியதும் காந்திமதி கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். மெட்ராஸ் மாத்தலும் பொய்."

"அச்சா, அப்போ கேக் வெட்டறதுக்கு இன்னும் நல்ல காரணம் கிடைச்சாச்சு" என்றார் சச்தேவா மேடம். சால்வையைப் போர்த்தினார்கள். சமோசாவை ஊட்டாத குறையாகக் கையில் திணித்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை பெரிய ஊரில், பேர் ஊர் தெரியாத ஒருத்திக்கு இப்படி ஒரு கூட்டம் கூட நிற்குமா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த நன்றியை எந்த டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியவில்லை.

"இணைச் செயலாளர் பதவியை ராஜினாமா பண்ணிடுதேன்" என்றாள்.

"ஏன்? சாயங்கால லா காலேஜ்ல ஜூன்ல அட்மிஷன். பி.ஏ. படிச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுவரைக்கும் லீவுன்னு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மேடம் மடித்த கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு காந்திமதி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு பவுனுவிடம் போனாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு பவுனு. புருஷன் கோட்டைப் போட்டுட்டு வந்து இத்தனை படிச்சவங்க நடுவுல உக்காந்திருந்திருக்கேன். பிரசிடெண்ட் மேடம் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?"

பவுனு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"என்னா நெனைப்பாங்க? மொத நாளே, 'பவுனு, இன்னொரு புருசன் கோட்டு வந்திருக்கு, நான் என் சொந்தக் கேசுக்கு வந்தப்ப எனக்குப் போட்டியே, அதே ஹீட்டர் பக்கத்து நாற்காலியப் போடு'ன்னுதாம்மா சொன்னாங்க."