யோசனையாரும் பதின்மூன்று பிளாப்பிகளும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே அதிகமாக யோசித்தவர் யார் என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஒருவரைச் சொல்வேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டனை அழுத்த அவருக்கு ஒரு வருடம் இரண்டு மாதம் ஆயிற்று.

அவருடைய அசல் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எதிரில் எங்களுக்கு அவர் அண்ணன், முதுகுக்குப் பின்னால் யோசனையார். எதைக் கேட்டாலும் "யோசிக்கலாமுங்க" என்பார். அதோடு விடமாட்டார், நிஜமாகவே யோசிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் கருமத்தம்பட்டியில், அவிநாசி ரோட்டை ஒட்டியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. முதலாளி பாப்பாத்தியக்கா. அச்சகத்தில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதைத் தொட உரிமை உள்ள ஒரே ஆள் யோசனையார்.

நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கப் போனது பதினேழு இடம். அவர் யோசித்து முடிப்பதற்குள் பதினேழு பேருக்கும் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அதில் ஆறு பேருடைய பத்திரிகையை அவரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

ஒருமுறை செருப்பு வாங்கக் கோயம்புத்தூர் போனவர் இரண்டு ஜோடியோடு திரும்பினார். இடது காலில் ஒரு ஜோடியின் செருப்பு, வலது காலில் இன்னொரு ஜோடியின் செருப்பு என்று ஒரு வாரம் நடந்தார். "எது நல்லா உழைக்குதுன்னு பாக்கறனுங்க அம்மணி" என்றார் என்னிடம். இரண்டும் ஒரே மாதிரி உழைத்ததால் முடிவெடுக்க முடியவில்லை. கடைசிவரை அப்படியேதான் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு வைகாசிக் கடைசியில் பாப்பாத்தியக்கா இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய பெட்டியில் ஒரு கலர் பிரிண்டர். சின்னப் பெட்டியில் பதின்மூன்று பிளாப்பிகள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு, இந்தப் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் புது சிஸ்டம் போட வேண்டும். அது இருந்தால்தான் கலர் பிரிண்டர் வேலை செய்யும்.

"சோமனூர் அச்சகத்துக்காரங்க போனமாசமே மாத்திப்போட்டாங்களாமா. பத்திரிகையில மயில் பச்சையா வருது, நம்முளுது காக்கா மாதிரி வருது. இன்னைக்கே போட்டுப்போடுங்க" என்றார் அக்கா.

"யோசிக்கலாமுங்க."

அக்கா பெருமூச்சு விட்டபடி உள்ளே போனார். பிரிண்டர் பெட்டியின் மேல் நாங்கள் டிபன் பாக்ஸ் வைக்க ஆரம்பித்தோம்.

யோசனையார் முதலில் விசாரணையில் இறங்கினார். காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் புது சிஸ்டம் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர் போலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். குறிப்பெடுக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார். முதலில் வந்த மூன்று பஸ்களை அவருக்குப் பிடிக்கவில்லை. நாலாவதில் நின்றுகொண்டே போனோம்.

மில் மேனேஜர் நல்ல மனிதர். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"புதுசு எப்படிங்க? குணம் எப்படி?" என்று ஆரம்பித்தார் யோசனையார்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"பழசுல பண்ணினதெல்லாம் இதுல அப்படியே வருதுங்களா?"

"பழசுல நான் ஒண்ணும் பண்ணலீங்களே. சீட்டுதான் வெளையாடுவேன். இதுலயும் சீட்டு இருக்குதுங்க."

யோசனையார் என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க அம்மணி, சீட்டு இருக்குது" என்றார். வெளியே களத்தில் கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவரையும் விடவில்லை. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "அது வந்ததுலருந்து மேனேஜரு ரூமை விட்டு வெளியவே வர்றதில்லீங்க. எங்களுக்கு நிம்மதியா இருக்குதுங்க." அதையும் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்தபோது நோட்டில் இருந்தவை இந்த இரண்டு வரிகளும் பஸ் நேரமும்தான்.

அடுத்து காலண்டர் குறுக்கே வந்தது. ஆனியில் முகூர்த்தம், மூச்சுவிட நேரமில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. ஆனால் ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்றார். ஆவணியில் மறுபடி முகூர்த்தம். புரட்டாசி பெருமாள் மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம். மார்கழி ஆகாது. தை பிறந்தால் மறுபடி முகூர்த்தம். நேரம் இருக்கிற மாதம் நல்ல மாதமில்லை, நல்ல மாதத்தில் நேரமில்லை. உலகத்தில் எந்த அச்சகத்திலும் எந்தக் காலத்திலும் சிஸ்டம் மாற்றவே முடியாது என்று பஞ்சாங்கத்தை வைத்தே நிரூபித்துவிட்டார்.

வருடம் ஓடிவிட்டது. சோமனூர் மயில் நன்றாகப் பறந்தது. எங்களுடைய வாடிக்கையாளர்கள் சிலர் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆடி பிறந்ததும் பாப்பாத்தியக்காவின் பொறுமை தீர்ந்தது.

"ஆடியில பொறக்கற கொழந்தையப் பொறக்காதேன்னு சொல்றமா? மாசம் முடியறதுக்குள்ள நீங்க போடோணும். இல்லீன்னா கோயம்புத்தூர்லருந்து ஆள் வந்து போடுவாங்க."

அன்று மத்தியானம் யோசனையார் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னவென்று போய்ப் பார்த்தேன். திரையில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தமிழ் எழுத்துகள். எல்லாம் எங்கள் பத்திரிகையில் வழக்கமாக வருகிற எழுத்துகள்தான்.

"இது நான் வரைஞ்சதுங்க அம்மணி" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். கம்ப்யூட்டரோடு வந்த எழுத்து அவருக்குப் பிடிக்கவில்லையாம். இரண்டு வருடம், தினமும் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொரு எழுத்தாக அவரே வரைந்து உள்ளே ஏற்றியிருக்கிறார். "உங்க பத்திரிகையில எழுத்து லட்சணமா இருக்குதுங்க" என்று திருப்பூரிலிருந்தெல்லாம் தேடி வந்தார்களே, அந்த லட்சணம் இவர் கையால் வந்தது. அக்காவுக்குக்கூடத் தெரியாது.

"புது சிஸ்டம் இதை ஏத்துக்குமா ஏத்துக்காதான்னு யாருக்குமே தெரியலீங்க. நானும் கேக்காத ஆளில்ல."

"அப்ப அக்காகிட்டச் சொல்லிடுங்கண்ணா."

"சொன்னா பெட்டியத் திருப்பிக் குடுத்துருவாங்க. நான் வரைஞ்ச எழுத்துக்காக அச்சகம் பின்தங்கிப் போகலாமுங்களா?"

காங்கேயத்தில் 'பழசு அப்படியே வருதுங்களா' என்று ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை நாள் குறித்தார். எழுத்துகளை முதலில் பிளாப்பியில் பிரதி எடுத்தார், ஆறு பிரதி. ஒன்று அக்காவின் பீரோவில், ஒன்று என் பையில், ஒன்று அவர் வீட்டு அரிசி டப்பாவில். மற்ற மூன்றும் எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. லைன்மேனைத் தேடிப்போய், வெள்ளிக்கிழமை கரண்டை எடுக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கி வந்தார்.

காலை பத்து மணிக்கு முதல் பிளாப்பியைச் செருகினார். அச்சகமே பின்னால் நின்றது. திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. தொடரலாமா? தொடர எண்டரை அழுத்தவும்.

யோசனையார் விரலை நீட்டினார். மடக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி நின்றார்கள். கேள்வி அப்படியே இருந்தது.

பாப்பாத்தியக்கா வந்து திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னங்க சொல்லுது?"

"மேல போலாமான்னு கேக்குதுங்க."

"எப்ப கேட்டுது?"

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க."

"ஏனுங்க, ஒருத்தர் மரியாதையா ஒண்ணு கேட்டா பதில் சொல்ல வேண்டாமுங்களா? இத்தன நேரம் நிக்கவச்சுட்டு இருக்கறீங்களே, அது நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

யோசனையாரின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டவர் போலப் பதறிப்போனார். "தப்புத்தானுங்க" என்று சொல்லி, எண்டரை அழுத்தினார்.

அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. அது அடுத்த பிளாப்பி கேட்டது, இவர் கொடுத்தார். மறுபடி கேட்டது, கொடுத்தார். லைன்மேனும் வாக்குத் தவறவில்லை. மாலை நாலரைக்கெல்லாம் பதின்மூன்றும் முடிந்து புதுத் திரை பளபளவென்று வந்தது. தன் எழுத்துகளை ஏற்றி, வழக்கமாக அடிக்கிற முதல் வரியை அடித்தார். திருமண அழைப்பிதழ்.

'திருமண' நன்றாக வந்தது. அழைப்பிதழில் மட்டும் இரண்டு இடத்தில் காலிக் கட்டம். மற்ற எல்லா எழுத்தும் பிழைத்திருந்தது, ழ இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சகம், 'அழைப்பிதழ்' என்று எழுத வழியில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எடம் உண்டுங்க. அந்த எழுத்தை வைக்கக் கூடாத எடத்துல வச்சது நான்தானுங்க" என்றார் யோசனையார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பழசு பொறுத்துக்கிச்சு. இது பொறுத்துக்கல."

பாப்பாத்தியக்கா குனிந்து திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தன நாளா இந்த எழுத்து கம்ப்யூட்டரோட வந்துதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னொருக்கா வரைய முடியுமுங்களா?" என்று கேட்டார்.

"முடியுமுங்க" என்றார் அவர். யோசிக்கலாம் என்று சொல்லாததை நாங்கள் எல்லோருமே கவனித்தோம்.

மறுநாள் காலை அக்கா அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். "சத்தம் போடாதீங்க. அண்ணன் எழுத்து வரையறாரு" என்று வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் அப்புறம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். உள்ளே யோசனையார் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வளைவை எங்கே தொடங்குவது, வாலை எங்கே விடுவது என்று எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. பழைய எழுத்தைவிட இது இன்னும் நன்றாக இருந்ததென்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் கலர் பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். புது எழுத்தைச் சரிபார்க்க ழ இருக்கிற வார்த்தை ஏதாவது வேண்டும். ஒரு வார்த்தை அடித்தார், பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளை வெளியே தள்ளியது. அதை எடுத்து என்னிடம் நீட்டி, "பிழை இருக்குதான்னு பாருங்க அம்மணி" என்றார்.

தாளின் நடுவில் மயில் பச்சையில் ஒரே வார்த்தை. தேன்மொழி.

என் பெயரை அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் வேறு யாரும் எழுதியதில்லை.