அறுபத்தோராம் பக்கம்

சிவப்புத் தாளைக் காணவில்லை.

குமுதா மேசையைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடினாள். மணி பதினொன்று இருபது. நகராண்மைக் கழகத்தின் டெண்டர் பெட்டியில் உறையைப் போட்டுவிட்டு வந்து முழுசாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு அடித்தால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

எல்லாம் முதலாளி வீரப்பெருமாள், ஓர் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்ததால் வந்த வினை. போகும்போது புல் வெட்டும் கம்பெனி நடத்துகிற சாதாரண மனிதர். வரும்போது கையில் நாலு கலர் பேனா. டெண்டர் என்றால் நாலு கட்டமாம். நீலத்தில் எலும்புக்கூடு. பச்சையில் முழு எழுத்து. சிவப்பில் வெளியாள் ஒருவர், நகராண்மைக் கழகமே படிப்பதுபோல் படித்து மார்க் போடுவார். அதன்படி திருத்திய பிறகு, முதலாளி தங்க நிறத்தில் கையெழுத்திடுவார்.

ஊர்ப் பூங்காக்களின் புல் மொத்தமும் இந்த ஒரே ஒப்பந்தத்தில் இருந்தது. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பதினெட்டுப் பேருக்கு வேலை போகும். அதில் ஒருவர் குமுதாவின் வீட்டுக்காரர். அதனால்தான் பச்சையை மூன்று முறை எழுதச் சொன்னபோதும் அவள் முனகாமல் எழுதினாள்.

சிவப்புப் பேனா பிடித்தவர், எல்லாரும் மலாயில் மரியாதையாக 'என்சிக்' என்று அழைக்கும் ஹஷிம். "ஊருல பாதிக் கம்பெனிக்கு இவருதான் டெண்டரப் படிச்சுக் குடுக்கிறாரு," என்று முதலாளி பெருமையடித்துக்கொண்டார். அவர் போட்ட மார்க் நூற்றுக்கு ஐம்பத்து நாலு. கீழே குறிப்பு வேறு: 'பன்னிரண்டு மெஷின் என்கிறார்கள். நான் எண்ணியபோது ஏழுதான் ஓடியது. மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு வரி இல்லை. வேலை தர மனம் வரவில்லை.'

குமுதா எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டாள். இப்போது அந்தத் தாளையே காணோம். பைண்டிங் கடைக்குப் போன் போட்டாள்.

"லிம் ஆன்ட்டி, பைல்ல சிவப்பு மையில ஒரு தாள் இருந்துச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன் லா. கடைசியில அறுபத்தொண்ணாம் பக்கமா வச்சு அழகா பைண்ட் பண்ணிட்டேன்."

"ஐயோ! அது நாங்க மட்டும் பாக்கிறது ஆன்ட்டி!"

"'இறுதிப் பிரதியுடன் இருக்க வேண்டும்'னு மேலயே எழுதியிருக்கு. படிக்காம பைண்ட் பண்ற ஆளா நானு? இந்த வாரம் பூரா டெண்டர்தான் கட்டுறேன். ஒருத்தரும் குறை சொல்லல, நீதான் சொல்ற!"

ஹஷிம் சொன்னது ஆபீஸில் வைத்துக்கொள்ளும் பிரதியை. அதை ஆன்ட்டிக்கு விளக்க நேரமில்லை.

முதலாளி பொத்தென்று உட்கார்ந்தார். "நமக்கு வேலை குடுக்காதேன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டமா?"

இருவரும் காரில் பறந்தார்கள். நகராண்மைக் கழகக் கவுன்ட்டரில் எழுத்தர் ரொஹானா நெத்திலிப் பொரியல் கொறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்க உறைய ஒரு நிமிஷம் வெளிய எடுத்துக் குடுங்க."

"பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி மூணாவது மாடியில. இன்னொண்ண வச்சிருக்கிறவரு லீவு."

"அப்ப ஒரு லெட்டர் போடலாமுல்ல?" என்றார் முதலாளி. பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே எழுதினார்: 'எங்கள் டெண்டரில் அறுபத்தோராம் பக்கத்தை மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டாம்.' குமுதா தடுப்பதற்குள் அது பெட்டிக்குள் போய்விட்டது.

"பாஸ்! படிக்காதேன்னு சொன்னா எவன் படிக்காம இருப்பான்? நீங்க இருப்பீங்களா?"

முதலாளி நேர்மையாக யோசித்தார். "நான் மொதல்ல அதத்தான் படிப்பேன்."

மணி பதினொன்று ஐம்பத்தாறு. இன்னொரு கடிதம் எழுதினார்: 'முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஐம்பத்து நாலு என்பது கோபத்தில் போட்ட மார்க்.'

"மார்க்க ஏன் பாஸ் எழுதுனீங்க!"

கடிதம் பாதி உள்ளே போயிருந்தது. குமுதா அதை இழுக்கப் போய், இரண்டு விரல் பெட்டி வாயில் மாட்டிக்கொண்டது. விரலை எடுத்தபோது கடிதம் உள்ளே விழுந்தது. ரொஹானா எழுந்து வந்து பெட்டியை மூடினார்.

அடுத்த மூன்று வாரம் குமுதாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வேற எடத்துல கேட்டுப் பாக்கட்டுமா?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலாவது வாரம் கடிதம் வந்தது. ஒப்பந்தம் அவர்களுக்கே!

முதலாளி பதினெட்டுப் பேருக்கும் கறிபப் பலகாரமும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்தார். தங்கப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "பாத்தியா குமுதா? நாலு கலர்! சும்மாவா?" என்றார்.

குமுதாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதலாளியோடு போன அன்று, கவுன்ட்டரில் குனிந்து ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, அந்த அறுபத்தொண்ணாம் பக்கத்த யாருமே படிக்கலயா?"

ரொஹானா சிரித்தார்.

"படிக்காமலா? ஒங்க லெட்டரப் பாத்துட்டு, மத்த நாலு கம்பெனி டெண்டர்லயும் கடைசிப் பக்கத்தப் பெரட்டிப் பாத்தாங்க. எல்லாத்துலயும் அதே ஆளு, அதே செவப்பு மை. நாப்பதுக்கு மேல வாங்கினது நீங்க ஒருத்தருதான்!"