தென்னந்தோப்பில் ஒரு விருந்தாளி

இவ்வுலகில் நில எல்லையைப் பிழையின்றி உணரவல்ல பேரறிஞர் கைப்பேசி ஒருவரே. மன்னர்கள் படை திரட்டியும் அதிகாரிகள் சங்கிலி இழுத்தும் முடிக்கவொண்ணாத அப்பணியை, 1998ஆம் ஆண்டு, தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளத்தை அடுத்த தென்னந்தோப்பு ஒன்றில், சட்டைப்பைக்குள் இருந்தவாறே அவர் முடித்துவைத்தார்.

சட்டைப்பைக்கு உரியவர் தம்பிதுரை. கிணற்றடியில் அவர் நிற்கும்வரை கைப்பேசியின் முகப்பில் கோவை நிறுவனத்தின் பெயர் ஒளிரும். மேற்கு வேலியோரம் போனாலோ அது மறைந்து, கேரள நிறுவனத்தின் பெயர் தோன்றிவிடும். தோப்பிலேயே நன்றாகக் காய்ப்பவை அந்த மேற்கு வரிசை மரங்கள்தாம்.

மறுநாளே தம்பிதுரை கோவை ஆர்.எஸ்.புரத்தில் அந்நிறுவனத்தின் 'வாடிக்கையாளர் நல மைய'த்தில் போய் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, என்ற தோப்பு எப்பங்க கேரளாவுக்குப் போச்சு?"

மேசைக்குப் பின்னிருந்த மெஹராஜ் புன்னகை மாறாமல் விளக்கினாள். "தோப்பு எங்கியும் போகலீங்க. ஒவ்வொரு டவரும் 'நான் இன்ன கம்பெனி'ன்னு தன்ற நம்பரைச் சொல்லிக்கிட்டே இருக்குமுங்க. நம்ம டவர் எட்டலீன்னா, உங்க போன் பக்கத்து டவர்கிட்டப் போயி நிக்கும். 'இவரு உங்க ஆளா?'ன்னு அவங்க நம்மளக் கேப்பாங்க. ஆமான்னதும் உள்ள விட்டுருவாங்க. ரோமிங்குங்க. அங்க நீங்க விருந்தாளி மாதிரி."

"என்ற தோப்புலயே நான் விருந்தாளியா?"

"போனுக்கு மட்டுந்தானுங்க."

"செல்லு பொய் சொல்லுமா கண்ணு?"

"எங்க கம்பெனி செல்லு சொல்லாதுங்க" என்று அவள் நிறுவனத்தின் மானத்தைக் காத்தாள்.

அச்சொல் போதுமாயிற்று. 'கேரளம் என் தோப்பினுள் புகுந்துவிட்டது. கைப்பேசியே சாட்சி' என்று மனு பறந்தது. நில அளவையர் ஏசுவடியான் வரைபடத்துடன் வந்து சேர்ந்தார். தம்பிதுரை இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியைத் தீவட்டிபோல் உயர்த்தியபடி முன்னே நடந்தார்.

வேலியோரம் நெடுநேரம் தேடிய ஏசுவடியான், "இங்க இருக்கோணுமே எல்லைக்கல்லு, காணோமுங்களே?" என்றார்.

"பாத்தீங்களா! கல்லையே கடத்திப்போட்டாங்க!"

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி ராசாத்தாள் நிமிர்ந்தார். "ஏனுங்க, இந்தக் கல்லையா தேடறாங்க? இந்த மேக்கு வரிசை மரங்களையும் சேத்து வேலியைத் தள்ளிப் போட்டப்ப, தொவைக்கறதுக்கு ஆகுமின்னு நீங்கதான தூக்கியாந்து போட்டீங்க?"

கல்மேல் துவைத்துக்கொண்டிருந்த போர்வையை ராசாத்தாள் ஒதுக்கினார். சோப்பு நுரைக்கடியில் அரசாங்க முத்திரை வெள்ளை வெளேரென்று மின்னிற்று.

தம்பிதுரை பொய்யர் அல்லர். வேலி நகர்ந்து சில ஆண்டுகளே ஆயினும், அந்நிலம் அவர் மனத்தில் என்றோ பாட்டன் சொத்தாகப் 'பட்டா' பெற்றுவிட்டது. கல்லை அவர் மெய்யாகவே மறந்திருந்தார். அளந்து முடித்தபோது, மேற்கு வரிசை முழுவதும் கேரளத்து ஓடைப் புறம்போக்கில் நின்றது.

"செல்லு சரியாத்தானுங்க சொல்லியிருக்குது" என்றார் ஏசுவடியான், இளநீரின் கடைசி மடக்கை விழுங்கியவாறு.

ஆம், கைப்பேசி பேரறிஞரே. அம்மரங்களின்கீழ்த் தம் உடைமையாளர் வெறும் விருந்தாளி என்பதை அவர் முதல் நாளே ஒப்புக்கொண்டார். சட்டைப்பைக்கு ஒரு விரற்கடை தொலைவில் இருந்த நெஞ்சுக்குத்தான் அன்றுவரை சிக்னல் எட்டவில்லை.