ஐம்பது கிலோ ஈர்க்கிலார்

எல்லோரும் உயிர் வாழ்வதற்காகச் சாப்பிடுகிறார்கள். சிலர் சாப்பிடுவதற்காகவே உயிர் வாழ்கிறார்கள். இரத்தம் கொடுப்பதற்காகச் சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் ஈர்க்கிலார்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, நான் வேலை பார்த்த கப்பல் சாமான் கம்பனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தென்னை ஈர்க்குக்குக் காற்சட்டை போட்டதுபோல் இருந்த ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ சேர்த்துக்கொண்டோம்.

பக்கத்து மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. ஈர்க்கிலார் விடியவே தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் போய் நின்றார்.

“ஐயா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று தாதி கேட்டாள்.

“ஒண்டும் இல்லை, பிள்ளை. தானம் குடுக்க வாறவன் திண்டுபோட்டு வாறதே?”

“இது கோயில் விரதம் இல்லை, ஐயா. வெறும் வயித்தில எடுக்க ஏலாது.”

எதிர்க்கடைக்கு ஓடினார். எட்டு ரொட்டியை விழுங்கிவிட்டு ஓடி வந்து தராசில் ஏறினார். நாற்பத்தேழு கிலோ. ஐம்பது இருந்தால்தான் எடுப்பார்களாம். அறுபது வயது தாண்டினாலும் எடுக்கமாட்டார்களாம். அவருக்கு அறுபது முடிய ஏழு மாதம் இருந்தது. அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்துத்தான்.

“இந்த வயசில உங்களுக்கு ஏனண்ணை இந்த வேலை?” என்று கேட்டேன்.

“மூத்தவள் பிறக்கேக்க வீட்டுக்காரி சாகக் கிடந்தவள், தம்பி. மூண்டு பேர் இரத்தம் குடுத்தவங்கள். ஆரெண்டே தெரியாது. நான் ஊசிக்குப் பயந்து இவ்வளவு காலமும் ஒளிச்சுத் திரிஞ்சிட்டன். ஒருக்காலெண்டாலும் குடுக்காமல் விடமாட்டன்.”

மறுநாளே தொடங்கிவிட்டார். காலையில் புட்டும் சூடை மீன் குழம்பும். பத்து மணிக்கு அவித்த கௌபிப் பயறு. மத்தியானம் சோற்று மலையில் முருங்கையிலை வறை. நாங்கள் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மல்லுக்கு நின்றார். சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வந்தவர், மிதித்தால் சாப்பாடு கரைந்துவிடும் என்று பஸ்ஸுக்கு மாறினார். நாங்கள் பகிடி விட்டாலும் சிரிக்கமாட்டார். சிரித்தாலும் கரையுமாம்!

தினமும் சாக்கு நிறுக்கும் தராசில் ஏறிப் பார்ப்பார். நாற்பத்தொன்பதரை வந்த வாரம் காய்ச்சல் வந்து இரண்டு கிலோவைக் கொண்டு போய்விட்டது. அன்று தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். மறுநாள் ஐந்து நேரச் சாப்பாடு ஆறு நேரமானது.

முகாமுக்கு முதல் நாள் முள் ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

“பொக்கற்றுக்குள்ள நாலு இரும்பு நட்டைப் போடுங்கோவன், அண்ணை,” என்றேன்.

“நான் இரத்தம் குடுக்கப் போறனோ, களவெடுக்கப் போறனோ?” என்று சீறிவிட்டு, மதியச் சாப்பாட்டை இரண்டாம் முறை தொடங்கினார்.

மறுநாள் இடியப்பமும் இரண்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டு, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போய், கோயிலில் உறுதிமொழி எடுப்பவர்போல் தராசில் ஏறினார். ஐம்பது. தாதி கை தட்டினாள். ஊசி போட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை மட்டும் இழுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததென்று நினைத்தால், பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் கண்டதும் தலையை ஆட்டினார். “தானம் குடுத்த இடத்தில கை நனைக்கப்படாது.”

“இதுவும் சேர்ந்ததுதான், ஐயா. சாப்பிடாட்டித் தலை சுத்தும்,” என்றாள் தாதி.

கேட்கவில்லை. எழும்பி இரண்டடி வைத்தார். மூன்றாவதில் என்மேல் சரிந்தார். ஆறு மாதம் பாடுபட்டு ஏற்றிய ஐம்பது கிலோவும் அப்படியே என் தோளில் கிடந்தது. படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“பிள்ளை, அந்த இரத்தப் பை ஊத்துப்படேல்லையே?”

“இல்லை ஐயா, பத்திரமா வச்சிருக்கிறம். ஆருக்கோ உதவும்.”

அதைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். பிஸ்கட்டைப் பிட்டுப் பிட்டு நான்தான் ஊட்டினேன். அவர் அமைதியாக மென்றுகொண்டிருந்தார். இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் அடுத்த பிஸ்கட் பைக்கற்றையும் உடைத்தேன்.