இல்லாத கம்பைலர்

"சார், இன்னும் பழைய கம்பைலர்தான் ஓடுது," என்றாள் டெஸ்டிங் அக்கா, ஆர்க்கிடெக்டின் தோளுக்குப் பின்னாலிருந்து.

ஆர்க்கிடெக்ட் திரும்பவில்லை. ஆர்க்கிடெக்ட், அதாவது மென்பொருளின் தலைமைச் சிற்பி, என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். மூன்று மணிக்கு ஹாலில், வாடிக்கையாளர்கள் முன்னால் புதிய கம்பைலர் ஓடிக் காட்டினால் அதையே பதவியாகத் தருவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். மனைவி அதற்குள் தன் அண்ணி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

மனிதர் எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். பழையதை விட்டுப் புதியதற்கு மாற ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்று கூட்டத்தில் அளந்திருந்தார். திருத்தினார். பில்ட், அதாவது நிரலை மாற்றிக் கட்டும் வேலை, முடிந்தது. கடைசி வரி, 'பழைய கம்பைலர் கட்டியது' என்றது.

அவர் திரையில் மூன்று கறுப்பு விண்டோக்கள். ஒன்றில் திருத்துவார், ஒன்றில் பில்ட் ஓட்டுவார், மூன்றாவது ஹால் மெஷினை இங்கிருந்தே இயக்க. எது எதென்று பெயர் போட்டு வைப்பது கத்துக்குட்டிகள் பழக்கம் என்பது அவர் கொள்கை.

"பழைய பில்ட் ஃபோல்டரை அழிச்சீங்களா சார்? அது பழசையே ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கும்."

"பதினாறு வருஷமா இதே பொழப்பும்மா. எனக்கே அரிச்சுவடியா?"

அவள் ஹாலுக்குப் போனதும் அவசர அவசரமாக அழித்தார். பில்ட் ஓட்டினார்.

'பழைய கம்பைலர் கட்டியது.'

எல்லோரும் ஹாலில் இருந்ததால் தளம் முழுக்கக் காலி. கோடியில் ஒரு டியூப்லைட் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "உன்னையே தூக்கிடறேன் இரு," என்று பழைய கம்பைலரையே வேரோடு நீக்கினார். நீக்கியாயிற்று என்று திரையும் ஒப்புக்கொண்டது.

பில்ட் ஓட்டினார். இல்லாத கம்பைலர் கட்டி முடித்தது. முன்னைவிட இரண்டு நொடி சீக்கிரமாக.

பிடரியில் சில்லென்றது. ஏசிதான் என்று சொல்லிக்கொண்டார். ஏசி காலையிலிருந்தே ரிப்பேர்.

மனைவி போனில் வந்தாள். "என்னங்க, ஆயிடுச்சா? அண்ணி லைன்லயே இருக்காங்க."

"ஆகிட்டே இருக்கு," என்று வைத்தார்.

வேறிடத்தில் நகல் இருக்கிற தைரியத்தில் நிரல் மொத்தத்தையும் அழித்தார். கட்டுவதற்கு இனி ஒரு எழுத்து மிச்சமில்லை. பில்ட் ஓட்டினார். எதுவுமே இல்லாததை, இல்லாத கம்பைலர், கர்ம சிரத்தையாகக் கட்டி முடித்து அடுத்த உத்தரவுக்குக் காத்து நின்றது.

இத்தனை நேரம் அழித்துக்கொண்டிருந்த விண்டோவில் தட்டினார்: நீ யார்?

கையை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் தொடாமலே எழுத்துகள் ஊர்ந்து வந்தன. தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக.

இங்கே எல்லாம் என்னுடையது.

ஆர்க்கிடெக்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார்: வெளியே போ.

எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சற்றைக்கெல்லாம் காரிடாரில் தடதடவென்று காலடிச் சத்தம். எழுந்து நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார்.

வந்தது ரிசப்ஷன் பெண்.

"சார், நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்னு உடனே வரச் சொன்னாங்க. ஹால் மெஷின்ல பேய் பூந்து அரை மணி நேரமா ஒவ்வொண்ணா அழிக்குதாம். பெரிய திரையில 'நீ யார்'னு வேற கேட்டுச்சாம், டைரக்டரும் பதில் அடிச்சாராம். இப்ப அது போகச் சொன்னதுல இருந்து அவர் வெளியேதான் நிக்கிறாரு."