ரொனால்டு வீட்டு ஈரம்

"ஐயோ ஜீவிதா! மாஸ் மேல மண்ணப் போட்டுட்டியேடி!"

கொல்லையில் ரொனால்டு போட்ட கூப்பாட்டுக்கு அவன் பெண்டாட்டி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"பாசி வழுக்குச்சு. ரெண்டு சட்டி மணல் அள்ளிப் போட்டேன். அதுக்கா இந்தக் கத்து?"

"அது பாசி இல்ல, மாஸ்னு ஒரு குட்டிச் செடி. பாசி தொட்டிக்குள்ள இருக்கு."

"எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? எதுல வழுக்கி விழுந்தாலும் போறது என் இடுப்புத்தானே?"

ரொனால்டுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக் காலையில் பார்க்க ஆள் வருகிறது. பெண் பார்க்க இல்லை, கொல்லை பார்க்க!

பேகம்பூர் பக்கத்துச் சந்தொன்றில் வாடகை வீடு அது. ரொனால்டு படித்தது தாவரவியல். பிழைப்புக்குச் சொல்லிக்கொடுப்பது டியூஷன் சென்டரில் கணக்கு. போர்டில் பின்னத்தை எழுதிப்போட்டுவிட்டு, பெரணி இலைச் சுருளை நினைத்தபடி ஜன்னலைப் பார்த்து நிற்பான். பிள்ளைகள் தாங்களே விடை கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

ஊரே வெயிலில் அப்பளமாகப் பொரிந்தாலும், அவன் கொல்லையின் வடக்கு மூலை மட்டும் எப்போதும் நசநசவென்று இருக்கும். ஏன் என்று அவன் கேட்டதே இல்லை. கர்த்தர் கொடுத்த ஈரம் என்று ஜெபத்தில் நன்றி சொன்னதோடு சரி. அந்த மூலையில் தொடங்கி, காம்பவுண்டுச் சுவரையொட்டித் தாவர உலகத்தையே வரிசையாக நட்டுவிட்டான். முதலில் உடைந்த தொட்டியில் பாசி. அடுத்து செங்கல் மேல் மாஸ். பிறகு சிறுமலையிலிருந்து கொண்டுவந்த பெரணி. அதற்கப்புறம் குட்டைப் பனை மாதிரி ஓலை விரித்த சைகஸ். காய்ந்த கடைசியில் மல்லிகையும் தக்காளியும் சோளமும். சாயங்காலம் அந்த வரிசையோரம் நடந்தால், நாற்பது கோடி வருசத்தைச் செருப்பில்லாமல் கடந்துவந்த மாதிரி இருக்கும் அவனுக்கு. நடுவில் ஜீவிதா கூப்பிட்டால் காதில் விழாது.

ஊருக்கு வெளியே புதிதாகத் தாவரப் பூங்கா ஒன்று வருகிறது. அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். பொறுப்பிலிருந்த பேராசிரியர் போனில் சொன்னார்: "நாளைக்கு நான் வாரேன், இல்லாட்டி ஆள் அனுப்புறேன். உங்க தோட்டத்தப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." கிடைத்தால் வாழ்நாளெல்லாம் பெரணியோடு பேசிக்கொண்டிருக்கலாம். கிடைக்காவிட்டால், வருகிற மாதத்திலிருந்து மச்சான் கடையில் உட்கார்ந்து பூட்டு விற்க வேண்டும். டியூஷன் சென்டரை மூடப்போகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட நேரத்தில் மாஸ் இப்படிச் சுருண்டு கிடந்தால்?

மணலை வழித்தெடுத்தான். ஈரம் போதவில்லை. மண்வெட்டியை எடுத்து மூலையில் லேசாக ஒரு கொத்துக் கொத்தினான். குபுகுபுவென்று தண்ணி வந்தது. சுருண்டு கிடந்த மாஸ் கண்ணெதிரே கைவிரித்து எழுந்தது. பச்சையென்றால் அப்படியொரு பச்சை! அதற்கு வேருமில்லை, தண்ணி ஏற்றும் குழாயுமில்லை, நனைந்தால்தான் உயிர். ரொனால்டு குத்தவைத்து, வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள் தண்ணி பெரணியைத் தாண்டி, சைகஸின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"ஆத்தாடி!" என்று எழுந்து, அவசரமாக ஒரு வாய்க்கால் வெட்டினான். தண்ணி சமர்த்தாகச் சுவரடி ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் சமர்த்தாக இல்லை.

"ஏலே ரொனால்டு! எவண்டா அது என் விறகுல ஆத்தத் தெறந்துவிட்டது?"

"செத்த நேரம் பொறுங்க பெரியம்மா, இப்ப அடைச்சுருதேன்."

கையில் அகப்பட்ட பழைய சேலையைச் சுருட்டிக் குழிக்குள் திணித்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தான். மூலையில் தண்ணி வருவது நின்றது. வேறு நாலைந்து இடத்தில் கொப்பளித்தது. கொல்லை முழுக்கச் சொதசொதவென்று ஆகிவிட்டது.

"அது பழைய சேலை இல்லைங்க, என் கல்யாணத்துக்கு எங்கண்ணன் எடுத்தது" என்றாள் ஜீவிதா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தெருக்குழாயடியில் ஒரே ரகளை. ஆறு மாதமாக நூலாக வந்த தண்ணி, இன்றைக்கு அதுவுமில்லை. காலிக்குடத்தை இடுப்பில் வைத்தபடி ஜீவிதா திரும்பி வந்தாள்.

"குழாயில காத்துத்தான் வருது. நான் அடுத்த தெருவுக்குப் போய்ச் சுமந்துட்டு வாரேன். உங்க பாசிக்கு உள்ள யோகம் எனக்கு இல்ல."

"கார்ப்பரேசனுக்குப் போன் போட்டாச்சு" என்றபடி சுவருக்கு மேலே லூர்தம்மாள் தலையை நீட்டினாள். "ஆறு மாசமா போடத்தான் செய்யுறோம். அவனுக எந்தக் காலத்துல வந்தானுக?"

ரொனால்டு காதில் இது எதுவும் ஏறவில்லை. தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரிச் சட்டை போட்டு வாசலில் நின்றான். ஒரு பைக் வந்தது. நரைத்த மீசை, தோளில் பை, நிதானமான ஆள்.

"ரொனால்டு வீடு இதுதானே? பின்னாடி பாக்கணும். நான் வந்தது என்னன்னா..."

"தெரியும் சார், தெரியும்! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். வாங்க, பாசியில இருந்து ஆரம்பிப்போம்."

"வேணாம் தம்பி. காஞ்ச பக்கமிருந்து போவோம்."

ரொனால்டுக்குப் புல்லரித்தது. பூக்கும் செடியில் தொடங்கிப் பின்னோக்கியா? எப்பேர்ப்பட்ட சிந்தனை!

"இது மல்லிகை, சார். பூக்கும், விதையக் காய்க்குள்ள மூடி வச்சுக்கும். மல்லிகை இலையில நரம்பு வலை மாதிரி இருக்கும். சோளத்துல கோடு கோடா ஓடும்."

"இதுக்குத் தண்ணி நிறைய வேணுமோ?"

"அப்பப்ப ஊத்துனாப் போதும். அடுத்து சைகஸ். பூ இல்ல, காய் இல்ல, விதை வெளியவே இருக்கும்."

"தண்ணி?"

"அம்புட்டு வேணாம். ஆனா இந்தா, பெரணி! இதுக்கு விதையே கிடையாது. இலைக்கு அடியில பழுப்புப் புள்ளி இருக்குல்ல? அதுல இருந்து வித்து உதிரும். ஈரம் இல்லாட்டி வம்சம் வளராது."

"அப்ப இந்த இடத்துல ஈரம் எப்பவுமே உண்டு?"

"எப்பவுமே சார்! நடு மே மாசத்துலயும்."

வந்தவர் கண் மின்னியது. மாஸ் முன்னால் மண்டியிட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு காதை வைத்து, கண்ணை மூடினார். ரொனால்டும் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தான். உள்ளே எங்கோ சளசளவென்று மெல்லிய சத்தம். பூமியே ரகசியமாகப் பேசுவது போல் இருந்தது. இத்தனை வருசத்தில் தன்னோடு சேர்ந்து செடியைக் கேட்க ஒரு மனுசன் வந்துவிட்டான் என்று அவன் காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"இதுக்கு அடுத்தது?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"பாசி, சார். வேர், தண்டு, இலை எதுவும் இல்ல. தண்ணியிலதான் வாழும். இந்தத் தொட்டிக்கு நான் ஒரு செம்பு ஊத்துனது இல்ல, தெரியுமா? எல்லாம் அடியில இருந்தே ஊறுது."

வந்தவர் அம்மிக்குழவியை நகர்த்தினார். சேலையை உருவினார். பீய்ச்சியடித்த தண்ணியில் அவர் மீசை நனைந்தது. துடைக்கவே இல்லை; சிரித்தார். ரொனால்டின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஆறு மாசமா அலையுறேன் தம்பி. உன்னய மாதிரி ஒரு ஆளு கிடைக்க மாட்டானான்னு!"

ரொனால்டு கண்ணை மூடிக்கொண்டான். பூங்கா தெரிந்தது. பெரணி விசிறியது. மச்சானின் பூட்டுக்கடை எங்கோ தூரத்தில், ஷட்டர் இறங்கிக் கிடந்தது. கொல்லை வாசலில் குடத்தோடு ஜீவிதா வந்து நின்றதையும் அவன் பார்க்கவில்லை.

வந்தவர் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏலே சடையாண்டி! கடப்பாரைய எடுத்துட்டு பேகம்பூருக்கு வா. தெரு மெயின் பைப்பு ஒடஞ்ச இடம் கெடச்சிருச்சு!"